கனகவள்ளி லீவு போட்ட நாள்

எங்கள் கடைக்கு இரண்டு முதலாளிகள். இருவரும் என் கூடப்பிறந்தவர்கள். பெரியவர் வேலுச்சாமிக்கு நான் தங்கை, சின்னவன் முத்துசெல்வத்துக்கு அக்கா. நடுவில் பிறந்த குற்றத்துக்காக என் மேஜையையும் கடைக்கு நடுவில்தான் போட்டிருக்கிறார்கள்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் கடை. ஆபீஸ் பை, லேப்டாப் பை, தீபாவளிக்குக் கம்பெனிக்காரர்கள் ஆட்களுக்குக் கொடுக்கிற தோல் பை எல்லாம் தைக்கிறோம். அப்பா தொடங்கிய கடை. சாகும்போது மூன்று பேருக்கும் சம பங்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்; காகிதத்தில் நானும் முதலாளிதான், அதிகாரம்தான் அவர்கள் இரண்டு பேருக்கும். வாசல் பக்கம் பெரியவர், பின்பக்கம் இரும்பு ஏணி ஓரமாகச் சின்னவன். ஏணி ஏறினால் பலகை போட்ட மேல்தட்டு, இங்கே மாளா என்பார்கள். தையல் மெஷின்கள் எல்லாம் அங்கேதான்.

"ஏட்டி கனகு, அவன்ட்ட சொல்லு, ஸிப் வந்துட்டுன்னு" என்பார் அண்ணன்.

நான் தலையைத் திருப்பி, "முத்து, ஸிப் வந்துட்டாம்" என்பேன்.

"யக்கா, எத்தன பொட்டின்னு அவர்ட்ட கேளு" என்பான் அவன்.

நான் மறுபடி தலையைத் திருப்புவேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாய் வழியாகப் போய் வந்தால்தான் அவர்களுக்கு அது செய்தி. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேன்.

இத்தனைக்கும் சொத்துத் தகராறு கிடையாது, பெண்டாட்டிமார் சண்டையும் கிடையாது. கொரோனா ஓய்ந்த வருஷம் காட்கோபரில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து அண்ணன் ஒரு தையல் மெஷின் வாங்கி வந்தார். தோல் தைக்கிற மெஷின் என்று நினைத்தார். அது கான்வாஸுக்கே மூச்சு வாங்கியது. வைத்த ஊசியெல்லாம் ஒடித்துத் தின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பார்ட்டி, மொத்தமாக வாங்குகிறவர், சரக்குப் பார்க்க வந்திருந்தார். அவர் முன்னால் முத்து, "அண்ணன் கொஞ்சம் பாத்து வாங்கிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாயை அண்ணன் அவனிடம் திறக்கவில்லை. அவர் பேசாதபோது நான் மட்டும் என்ன இளைத்தவனா என்று இவனும் மூடிக்கொண்டான். மெஷின் மாளாவின் மூலையில் கிடக்கிறது, மேலே அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு.

இந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி தீபாவளி ஆர்டரை எங்களுக்குத் தருவதாகச் சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை. சின்னச் சின்ன சப்ளையர்களின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் இப்போது பெரிய கம்பெனிக்குள் திருடன் நுழைகிறானாம். அதனால் எங்கள் கடை பத்திரமாக இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்ப்பார்களாம்.

வந்தது வந்தனா என்று ஒரு பெண். மாட்டுங்காக்காரி, பாலக்காட்டு வழி. கழுத்தில் அட்டை, கையில் லேப்டாப். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். முத்து பெருமையாக முருகன் படத்தைத் தூக்கிக் காட்டினான். படத்தின் முதுகில் ஒட்டியிருந்தது.

"ஆன்ட்டி, அவர் மயிலோட எங்கேயாவது கிளம்பிட்டார்னா என்ன பண்ணுவேள்?" என்றாள் என்னைப் பார்த்து.

அடுத்து பணம் அனுப்புகிற முறையைக் கேட்டாள். அண்ணன் போனில் போட வேண்டும், முத்து அவன் போனில் ஓகே கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பேங்க் பணத்தை விடும். அப்பா போன பிறகு நாங்கள் எழுதிக்கொடுத்த ஏற்பாடு.

"ரெண்டு பேரும் ஃபோன்ல பேசி சரி பார்த்துப்பேளா? மெசேஜா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள், நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

"பேச்செல்லாம் கிடையாது. இவர் எங்கிட்ட சொல்வார். நான் நேர்ல அவன்ட்ட கேப்பேன். யாருக்கு, எதுக்குன்னு ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் போகும்" என்றேன்.

அவள் கண் அகன்றது. "ஒவ்வொரு தடவையுமா? நடுவில மூணாவது ஆள் நேர்ல வெரிஃபை பண்றாளா? பெரிய பெரிய கம்பெனில சொல்லிச் சொல்லி எங்களுக்குத் தொண்டை வத்திப்போச்சு, ஒருத்தரும் பண்ண மாட்டேங்கறா!" என்று சொல்லிவிட்டு முழு மதிப்பெண் போட்டாள். வீட்டுச் சண்டைக்கு மார்க் வாங்கிய குடும்பம் மும்பையிலேயே நாங்களாகத்தான் இருக்கும். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

போகும்போது ஒரு கேள்வி கேட்டாள். "கடைசியா ஒண்ணு. ஆன்ட்டி ஒரு நாள் லீவ் எடுத்துண்டா கடை எப்படி நடக்கும்?"

அண்ணன் பில் புத்தகத்தைப் புரட்டினார், முத்து ஏணியைத் துடைத்தான். அவள் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, "யோசிச்சு அனுப்புங்கோ" என்று கிளம்பினாள்.

நான் லீவு எடுத்ததே இல்லை. எடுக்க வைத்தது என் கடைவாய்ப்பல். தோல் எடுக்கப் பணம் அனுப்ப வேண்டிய வாரம் பார்த்து வலி உயிரை எடுத்தது. அது சாதாரணப் பணமில்லை. அந்த ஆர்டருக்காக பேங்கில் கடன் வாங்கி, என் நகையையும் அடகு வைத்து, ராணிப்பேட்டை தோல் வியாபாரிக்கு முன்பணமாக அனுப்ப வைத்திருந்தது. அது போனால் தீபாவளி போகும். தீபாவளி போனால் கடையே போகும். "நாளைக்கு நான் வந்தப்பொறவு அனுப்பிக்கிடலாம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுச் செம்பூரில் பல் டாக்டரிடம் போனேன். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார்.

நான் அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்த நேரத்தில் இங்கே முத்துவின் போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியது பாண்டுப்பில் இருக்கிற எங்கள் சித்தி மகள் ஸ்ரீதேவியின் நம்பரிலிருந்து. தெரியாத ஆள் அனுப்புவதைத் திறக்காதே என்று வந்தனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஸ்ரீதேவி தெரியாத ஆளா? எங்கள் ஜனத்தில் பத்திரிகை வந்து பார்க்கவில்லை என்று இருக்க முடியாது. ஒரு சடங்குக்குப் போகாமல் விட்டால் அடுத்த தலைமுறையின் கல்யாணத்தில் வைத்துக் கேட்பார்கள். முத்து தட்டினான். பத்திரிகை திறக்கவில்லை. அதை இறக்கிக்கொள்ளவா, இதைப் பார்க்கட்டுமா, மெசேஜைப் படிக்கட்டுமா என்று போன் வரிசையாக அனுமதி கேட்டது. கல்யாண வீடாயிற்றே, எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தான். ஸ்ரீதேவியின் போனும் இதே மாதிரி ஒரு பத்திரிகையைத் திறந்துதான் முந்தின நாள் கள்ளன் கைக்குப் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் முத்துவின் வாட்ஸப் அவனை வெளியே தள்ளிவிட்டது. இப்போது அவன் பெயரில் உள்ளே உட்கார்ந்திருந்தது எவனோ ஒருவன். முத்துவுக்கு வருகிற ஓடிபியெல்லாம் அந்த எவனோவுக்கும் போய்க்கொண்டிருந்தது, பழைய மெசேஜ்களில் இருந்த தோல்காரர் சங்கதியும் சேர்த்து. முத்து நெட் சரியில்லை என்று நினைத்து, மாளாவில் ஏறினால் சிக்னல் வரும் என்று மேலே போய் உட்கார்ந்துகொண்டான். சாப்பாட்டு நேரம். ஆட்கள் வெளியே போயிருந்தார்கள். "அண்ணே, ஒனக்கு நெட் வருதா?" என்று கீழே பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே விஷயம் முடிந்திருக்கும். கேட்க நான் இல்லையே.

அண்ணனின் போனில் தம்பி பெயரில் மெசேஜ் வந்தது. கள்ளனுக்குத் தமிழ் தெரியாது. எதிலோ போட்டு மாற்றி அனுப்பியிருக்கிறான்.

"அன்புள்ள மூத்த சகோதரரே, வணக்கம். நீங்கள் மதிய உணவை உட்கொண்டீர்களா?"

பூமியில் எந்தத் தாராவித் தம்பியும் எந்த அண்ணனையும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் என் அண்ணனுக்கு அது உறைக்கவில்லை. நாலு வருஷம் கழித்துத் தம்பி பேசியிருக்கிறான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி படித்து, எனக்கு போன் செய்தார்.

"ஏட்டி கனகு! அவன் பேசிட்டாம்ட்டி! சாப்டியான்னு கேக்கான்! என்ன மரியாதையா எழுதிருக்கான் தெரியுமா? எனக்கு ஒடம்பெல்லாம் என்னமோ செய்யி."

டாக்டர் பல்லைப் பிடுங்கி என் வாயில் பஞ்சு வைத்திருந்தார். பாதி முகம் மரத்துக் கிடந்தது. "ம்ம்?" என்றேன்.

"தோல்காரர் அக்கவுண்ட மாத்திட்டாராம். புது நம்பர் அனுப்பிருக்கான். சீக்கிரம் போடச் சொல்லுதான். நீ ஒண்ணும் கவலப்படாத, நானும் தம்பியும் பாத்துக்கிடுதோம்."

'நானும் தம்பியும்' என்று அவர் சொன்ன தினுசு இருக்கிறதே, அதற்கே எனக்கு அழுகை வந்திருக்கும். ஆனால் அக்கவுண்ட் மாறியது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முத்துவை நான் தூக்கி வளர்த்தவள். அவன் அண்ணனிடம் பேசுவதாக இருந்தாலும் முதலில் அதற்கு என்னிடம் வந்து அனுமதி கேட்பான். "ம்ம்ம்! ம்ம்ஹ்ம்ம்!" என்று கத்தினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"அழாதட்டி, அழாத. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. முத்துவைக் கூப்பிட்டால் அடிக்கவே இல்லை; அவனுக்கு வருகிற அழைப்பையும் கள்ளன் தடுத்து வைத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. டைப் அடித்து அனுப்பினேன். அண்ணன் பார்க்கவில்லை. அவர்தான் தம்பியோடு பேசிக்கொண்டிருக்கிறாரே.

டாக்டரிடம் சொல்லிக்கொள்ளாமல் ஓடி ஆட்டோ பிடித்தேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டவனுக்கு என் வாய் சொன்னது விளங்கவில்லை. போனில் எழுதிக் காட்டினேன். சயானுக்கு மேல் வரமாட்டேன் என்று அங்கேயே இறக்கிவிட்டான். மிச்சத்தை வேகு வேகென்று நடந்தேன். வழியெல்லாம் கள்ளனையும் திட்டினேன், என் பல்லையும் திட்டினேன், காட்கோபரிலிருந்து வந்த அந்த மெஷினையும் சேர்த்துத் திட்டினேன்.

அந்த நேரம் கள்ளன் என்னைவிட அதிகம் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகு அண்ணன் போனை வாங்கிப் படித்தபோது தெரிந்தது. அண்ணனுக்குத் தமிழ் எழுத வராது, பேசித்தான் அனுப்புவார். வாய்ஸ் மெசேஜ், ஒவ்வொன்றும் ஒரு கதாகாலட்சேப நீளம். சின்ன வயதில் மான்குர்த் ஸ்டேஷனில் தம்பி தொலைந்துபோனதும், ஆறாம் வகுப்பில் அவனுக்காக இவர் அடி வாங்கியதும், எல்லாம் ஓடியது. கள்ளன் என்ன செய்வான், பாவம்.

"சரி சகோதரரே. பணத்தை அனுப்பினீர்களா?" என்று போட்டான்.

"பணம் கெடக்கட்டும்லே, அது எங்க போயிரும்? நீ மொதல்ல நாயித்துக்கெழம வீட்டுக்கு வா. ஒன் மைனி கோழி அடிப்பா."

"தாமதம் வேண்டாம் சகோதரரே. மிக அவசரம்."

"ஒனக்கு எப்பவுமே அவசரந்தாம்லே" என்று அண்ணன் ஆசையாகச் சிரிக்கிற சத்தம் அதில் பதிந்திருக்கிறது.

கடைசியில் அவர் புது நம்பரைப் போட்டுவிட்டார். தொகையையும் போட்டுவிட்டார். அனுப்பு என்கிற பட்டன்தான் பாக்கி. அதை அமுக்கினால், முத்துவுக்கு வரும் ஓடிபியை வைத்து அடுத்த ஓகேயைக் கொடுக்கக் கள்ளன் தயாராக உட்கார்ந்திருந்தான். ஆனால் அமுக்குவதற்கு முன்னால் மனசில் இருந்த ஒன்றைச் சொல்லிவிட நினைத்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஏலே முத்து. அந்த மெஷின் விஷயத்துல நீ சொன்னது நியாயந்தாம்லே. நான் பாக்காமத்தான் வாங்கிட்டேன். வெளியாள் முன்னால வச்சு சொல்லிட்டியேன்னுதான் எனக்கு சங்கடம். வீட்டுல வச்சு சொல்லிருந்தா நானே சிரிச்சிருப்பேன். ஒரு இரும்புக்காண்டி ஒங்கூட பேசாம கெடந்துட்டேன் பாரு. எனக்கு ராத்திரி சோறு எறங்குறதில்ல முத்து."

மாளாவில் மெஷின் சத்தம் இல்லை. பலகை இடுக்கு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் மேலே போயிருக்கிறது. முத்து போனைக் கீழே வைத்தான். ஏணியில் இறங்கினான். நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே" என்றான். "யார்ட்ட பேசுத?"

அண்ணன் நிமிர்ந்தார். கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நின்றது. "ஒங்கிட்டத்தாம்லே. நீதான மெசேஜ் போட்ட."

"நான் எங்கண்ணே போட்டேன்? எனக்கு ரொம்ப நேரமா வாட்ஸப்பே இல்ல."

இந்த நேரத்தில்தான் நான் வாசலில் போய் நின்றேன். "அனுப்பாத!" என்று கத்த நினைத்தேன். வந்தது வேறு ஏதோ சத்தம். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் தலை இரண்டும் ஒரே போனின் மேல் கவிழ்ந்திருந்தன.

"இந்தத் தமிழ் நானாண்ணே? 'உட்கொண்டீர்களா'வாம்!"

"நான் என்னலே கண்டேன்? ஒனக்கு மனசு மாறிட்டுன்னு நெனச்சேன்."

நான் அந்த போனைப் பிடுங்கி, போட்ட நம்பரை அழித்தேன். என் போனிலிருந்து முத்து வந்தனாவைக் கூப்பிட்டான். அவள் சொல்லச் சொல்ல அவன் போனை அணைத்தோம், பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தினோம், ஸ்ரீதேவிக்கும் சொந்தபந்தத்துக்கும் எந்தப் பத்திரிகையையும் திறக்காதீர்கள் என்று சொன்னோம். ஒரு பைசா போகவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சேள்?" என்று வந்தனா கேட்டாளாம். முத்து, "பேசிக்கிட்டோம்" என்று மட்டும் சொன்னான்.

எல்லாம் முடிந்து நான் என் நாற்காலியில் சாய்ந்தேன். முத்து முகத்தில் உயிர் வந்திருந்தது. அண்ணன் முகத்தில்தான் வரவில்லை. கடையே பிழைத்திருக்கிறது, அவரோ பறிகொடுத்தவர் மாதிரி அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ கேக்கல" என்றார்.

"எதண்ணே?"

"சாப்டியான்னு."

முத்து தரையைப் பார்த்தான். எனக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. பழக்க தோஷம், முத்து என் பக்கம் திரும்பினான்.

"யக்கா, அவர்ட்ட கேளு, சாப்..."

நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். மரப்பு இறங்கியிருந்தது. பேசியிருக்கலாம். பேசவில்லை.

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "சாப்டியாண்ணே?"

"அது கள்ளன் கேட்டதுல்லா" என்றார் அண்ணன். "ஒனக்குன்னு ஏதும் இருந்தா கேளு."

முத்துவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சரி, கேக்கேன். அந்த மெஷின எதுக்கு எங்கிட்ட கேக்காம வாங்கின?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ."

"ஆகாத மெஷின வேண்டாம்னுதான சொல்லுவேன்! நான் என்ன எதிராளியா? எங்கிட்ட கேக்கணும்னு ஒனக்குத் தோணலல்லா, அதுதாம்ணே எனக்கு. பார்ட்டி முன்னால அதான் வாயில வந்துட்டு."

"அத அன்னைக்கே சொல்லதுக்கு என்னலே?"

"நீதான் மூஞ்சிய திருப்பிக்கிட்டியே!"

"நான் மூத்தவன்லே, திருப்பத்தான் செய்வேன். நீ வந்து நேரா நிக்கணும்!"

குரல் ஏறியது. சண்டை என்று எட்டிப் பார்த்து ஓடி வந்த எதிர்க்கடை ஜெயினுலாப்தீன், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்த்ததும் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார். மெஷின், மெஷினுக்கு முந்தின சங்கதி, அதற்கும் முந்தின சங்கதி என்று நாலு வருஷத்துப் பாக்கியையும் இரண்டு பேரும் அள்ளிக் கொட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். நான் என் மேஜையில் என் முறைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். "கனகு, அவன்ட்ட சொல்லு" என்று ஒருவரும் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பையை எடுத்துக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன், நன்றாக, தெளிவாக. இரண்டு பேர் காதிலும் விழவில்லை. சந்து முனை திரும்புகிறவரைக்கும் அவர்கள் கத்துவது கேட்டது.

மறுநாளும் லீவு போட்டேன்.